வல்லாரையும் மாமியின் மறதியும்

ஹட்டன் நகரில் கடைவீதிக்குப் பின்னால் இருக்கிறது அந்த வீடு. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அந்த வீட்டு மருமகள் தேநீரைக் கொண்டு வந்து வைத்துவிட்டுத் தன் மாமியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

“மாமி ளுஹர் தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் போயிருக்காது, எழுந்து மறுபடியும் வுழூச் செய்யப் போனார். ‘இப்பத்தானே தொழுதீங்க மாமி’ என்றேன். ‘நான் எங்கே தொழுதேன்? என்னைப் பைத்தியக்காரி ஆக்கப் பாக்கிறியா?’ என்று சத்தம் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.”

அது முதல் நாள். பிறகு கறிக்கு இரண்டு முறை உப்பு விழுந்தது. அலுமாரிச் சாவி அரிசி வாளிக்குள் கிடந்தது. ஒரு நாள் மாமியின் தோட்டைக் காணவில்லை. “இவள்தான் எடுத்தாள்” என்று வந்த விருந்தாளிகள் முன்னால் மருமகளைக் கைகாட்டிவிட்டார் மாமி. மூன்று நாள் கழித்து அந்தத் தோடு மாமியின் தலையணை உறைக்குள் இருந்தது. அதற்குள் ஊருக்குள் பேச்சுப் பரவிவிட்டது.

மறதி என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது வல்லாரைதானே! பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து பால் கொண்டு வரும் அம்மா, பீலிக்கரையில் பறித்த வல்லாரையைக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து கொடுத்தார். காலையில் கஞ்சி, பகலில் சம்பல். போதாதென்று உறவினர் ஒருவர் ‘ஞாபகசக்தி லேகியம்’ என்று ஒரு போத்தல் வாங்கி வந்தார். அது முடிய இன்னொன்று. இப்படியே எட்டு மாதம் போனது.

மாமியின் மறதி குறையவில்லை. முகம் ஊதியது, குரல் கம்மியது. எப்போதும் “குளிருது, குளிருது” என்பார். மலைநாட்டில் குளிராமல் வேறென்ன செய்யும் என்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கால் வீக்கத்துக்காக மகன் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மாமியின் குரலைக் கேட்ட டொக்டர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. நாளுக்கு ஒரு சிறிய மாத்திரை கொடுத்தார்கள். நான்கைந்து மாதங்களில் மாமி பெரும்பாலும் பழைய மாமியாகிவிட்டார்.

“அந்த எட்டு மாதத்தை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை” என்றார் மருமகள்.

அப்படியானால் வல்லாரை பொய்யா? பாட்டி வைத்தியம் எல்லாம் வீணா? இல்லை. ஆனால் அந்த இலையால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்து வைத்திருப்பது நம் பெண்களுக்கு மிக அவசியம். ஏனென்றால் வீட்டில் முதியவருக்கு மறதி வந்தால் கவனிப்பவளும் பெண்தான், பழி சுமப்பவளும் பெண்தான்.

இரண்டு இலைகள், ஒரு பெயர்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘பிரமி’ என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுவது எப்போதும் ஒரே செடி அல்ல. ஒன்று நம் வல்லாரை. சிங்களத்தில் கொட்டுகொல என்பார்கள். நீண்ட காம்பில் வட்டமான இலை, ஓரம் பல் பல்லாக இருக்கும், தரையோடு படரும். மற்றது நீர்ப்பிரமி. சிங்களத்தில் லுணுவில. சிறிய தடித்த இலைகளோடு தாழ்நிலச் சதுப்புகளில் வளரும். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். அவற்றில் உள்ள சத்துகளும் வேறு.

வல்லாரையில் ஏசியாட்டிகோசைட், ஏசியாட்டிக் அமிலம் போன்ற பொருள்கள் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு வல்லாரைச் சாறு கொடுத்தபோது, மூளை நரம்புகளின் கிளைகள் நன்றாக வளர்ந்ததைக் கண்டிருக்கிறார்கள். தாய்லாந்தில் 28 முதியவர்களுக்கு இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், அதிக அளவு எடுத்தவர்களிடம் நினைவாற்றலில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மனிதர்களிடம் செய்த இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் 2017இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, நினைவாற்றல் தெளிவாகக் கூடியது என்று சொல்ல முடியவில்லை. மனம் சற்று அமைதியடைவதற்கு உதவலாம் என்ற அளவில்தான் முடிவு இருந்தது.

நீர்ப்பிரமியின் கதை கொஞ்சம் மேல். அதில் உள்ள பேக்கோசைட் என்ற பொருளை இந்தியாவின் லக்னோ நகரிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 65 வயதைத் தாண்டிய 54 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சிலருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் நீர்ப்பிரமிச் சாரம், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, சாரம் எடுத்தவர்கள் முன்பு கேட்ட சொற்களைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். இதுவும் 2008இல் வெளியானது. சிலருக்கு வயிற்றுக் கோளாறும் ஏற்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த 54 பேரில் யாருக்கும் மறதி நோய் இல்லை! நன்றாக இருப்பவரின் ஞாபகம் சற்றுக் கூடுவது வேறு. நோயால் மூளையின் உயிரணுக்கள் அழிந்துகொண்டிருப்பவரைக் குணப்படுத்துவது வேறு. லேகியப் போத்தலின் மேலுள்ள எழுத்துகள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

அஞ்சறைப் பெட்டியில் இருப்பவை

மஞ்சள், கருஞ்சீரகம், குங்குமப்பூ. மூன்றையும் உலகெங்கும் ஆராய்ந்து வருகிறார்கள்.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான கர்க்குமின் வயிற்றிலிருந்து இரத்தத்துக்குள் போவதே மிகக் குறைவு. அல்சைமர் நோயாளிகள் 36 பேருக்கு 24 வாரம் கொடுத்த ஓர் ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. அது வெளியானது 2012இல். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், எளிதில் உடலில் சேரும்படி செய்த கர்க்குமினை, மறதி நோய் இல்லாத 40 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். அதை எடுத்தவர்களின் நினைவாற்றல் கூடியது என்று 2018இல் எழுதினார்கள்.

நம் வீடுகளில் பெரிதும் மதிக்கப்படும் கருஞ்சீரகத்தை பங்களாதேஷில் 40 முதியவர்களிடம் சோதித்தார்கள். 9 வாரத்தில் நினைவாற்றலும் கவனமும் கூடியதாக 2013இல் செய்தி வந்தது. ஈரானில் அல்சைமர் நோயாளிகள் 46 பேரிடம் குங்குமப்பூவை 16 வாரம் சோதித்து, வெற்று மாத்திரையைவிட நல்ல பலன் தெரிந்ததாக 2010இல் வெளியிட்டார்கள்.

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது, இல்லையா? ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 40 பேர், 46 பேர். சிறிய ஆய்வில் நல்லதாகத் தெரிந்தது பெரிய ஆய்வில் நிலைக்க வேண்டும். ஜின்கோ என்ற சீன மரத்தின் இலைக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். சிறிய ஆய்வுகளில் நல்ல பெயர் எடுத்த இலை அது. உலகமெங்கும் ஞாபகசக்தி மாத்திரையாக விற்றார்கள். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் உள்ள 3069 பேரை வைத்து, ஏறக்குறைய 6 ஆண்டுகள் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. ஜின்கோ எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மறதி நோய் வருவதில் வித்தியாசமே இல்லை!

மூலிகை எப்போது மருந்தாகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் நம் மலையிலேயே இருக்கிறது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலைப் பூந்தோட்டத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1861இல் அந்தத் தோட்டத்தைத் தொடங்கியது பூவுக்காக அல்ல. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் சின்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான் தொடங்கினார்கள். கோப்பிச் செடி நோயால் அழிந்து தேயிலை பரவிய அந்தக் காலத்தில், மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் சின்கோனாவும் நின்றது.

அந்த மரத்தின் பட்டையை இடித்துக் குடித்த காலமும் உண்டு. ஆனால் ஒரு பட்டையில் மருந்து கூடும், ஒன்றில் குறையும். 1820இல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் இருவர் பட்டையிலிருந்து குயினைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பிறகுதான் இவ்வளவு காய்ச்சலுக்கு இவ்வளவு மருந்து என்று நிறுத்துக் கொடுக்க முடிந்தது. செடியிலிருந்து பொருளைப் பிரித்து, அளந்து, நோயாளிகளிடம் சோதித்த பிறகே மூலிகை மருந்தாகிறது.

மறதி நோயிலும் இது நடந்திருக்கிறது. ஐரோப்பாவில் பனிக்காலம் முடியும்போது பூக்கும் ஸ்னோடிரொப் என்ற சிறிய வெள்ளைப் பூச்செடியில் கலன்டமைன் என்ற பொருள் இருக்கிறது. 1950களில் பல்கேரியா நாட்டில் அதை மருந்தாக ஆராயத் தொடங்கினார்கள். 2001இல் அமெரிக்கா அதை அல்சைமர் நோய்க்கு அனுமதித்தது. ரிவாஸ்டிக்மைன் என்ற இன்னொரு மருந்துக்கும் மூலம் ஆபிரிக்காவின் கலபார் அவரைதான். நச்சு அவரை அது! அதிலுள்ள பொருளைப் பார்த்து மாற்றியமைத்தே இந்த மருந்தைச் செய்தார்கள்.

நினைவுக்கு மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ஒரு பொருள் தேவை. அல்சைமர் நோயில் அது குறைந்துபோகிறது. இருப்பதும் சீக்கிரம் கரைந்துவிடாமல் இந்த மருந்துகள் காக்கின்றன. அதனால் சிலருக்குச் சில காலம் நிலைமை மோசமாகாமல் இருக்கும். நோயை வேரோடு அகற்ற இவற்றாலும் முடியாது. அளந்து சோதித்த மருந்துக்கே இதுதான் எல்லை என்றால், போத்தலில் அடைத்த லேகியம் ‘முற்றிலும் குணம்’ என்று சொன்னால் நம்பலாமா?

“மூலிகைதானே, கெடுதல் என்ன?”

இப்படித்தான் எல்லோரும் கேட்கிறோம். இதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 279இல், அதாவது கி.பி. 892இல், மறைந்த பெரும் வரலாற்றாசிரியர் அல்-பலாதுரி. முஸ்லிம்களின் ஆரம்பகால வரலாற்றை எழுதியவர்களில் முக்கியமானவர். ‘பலாதுர்’ என்பது சேங்கொட்டைக்கு உள்ள பெயர். அக்காலத்தில் ஞாபகசக்திக்காக அதன் சாற்றைக் குடிக்கும் வழக்கம் இருந்தது. அதை அளவு மீறிக் குடித்ததால் புத்தி பேதலித்து, அதனாலேயே அந்தப் பெயர் வந்தது என்று பழைய நூல்கள் கூறுகின்றன. குடித்தவர் அவரா, அவருடைய பாட்டனாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நினைவு வளரக் குடித்தது நினைவையே கொண்டுபோனது!

இக்காலத்திலும் எச்சரிக்கைகள் இருக்கின்றன. ஆர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரையைச் சில வாரங்கள் எடுத்த மூன்று பெண்களுக்கு ஈரல் பாதிக்கப்பட்டு மஞ்சட்காமாலை வந்ததை வைத்தியர்கள் 2005இல் பதிவு செய்தார்கள். அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. அந்த ஆய்வு வெளியானது 2004இல். ஜின்கோ மாத்திரையோ இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

தோட்டப் பக்கத்துச் சகோதரிகள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. களைக்கு மருந்து அடித்த தேயிலை மலையிலிருந்தோ, அழுக்குத் தண்ணீர் ஓடும் கானிலிருந்தோ வல்லாரை பறிக்க வேண்டாம். பச்சையாகச் சாப்பிடும் இலை அது. நல்ல தண்ணீரில் பல தடவை அலச வேண்டும்.

இதனால் வல்லாரைச் சம்பலை விட்டுவிடச் சொல்லவில்லை. பொடியாக அரிந்த இலை, துருவிய தேங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மாசி, தேசிக்காய்ப் புளி. இதைவிடச் சுவையான, மலிவான கீரை உணவு எது? அது உணவு. உணவாகவே இருக்கட்டும். மருந்தாக எடுப்பதென்றால், பதிவு பெற்ற யூனானி, சித்த அல்லது ஆயுர்வேத வைத்தியரிடம் கேட்டு எடுங்கள். ஏற்கனவே எடுக்கும் மாத்திரைகளை அவரிடம் சொல்லுங்கள். எடுக்கும் மூலிகையை ஆஸ்பத்திரி டொக்டரிடம் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம்.

எந்த மறதிக்குப் பயப்பட வேண்டும்?

மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ள மறதி. மூக்குக்கண்ணாடி எதற்கு என்றே தெரியாமல் போவது நோயின் அடையாளம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய பாதையில் வழி தவறுவது, பல காலம் சமைத்த கறியின் முறை தெரியாமல் நிற்பது, காசுக் கணக்குப் பிசகுவது, சுபாவம் மாறுவது, காரணமின்றிப் பிறர்மேல் சந்தேகப்படுவது. இவற்றில் சில சேர்ந்து தெரிந்தால் “வயசாகிவிட்டது” என்று விட்டுவிடக் கூடாது. வயது போன எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. றாகமைப் பகுதியில் செய்து 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 65 வயதைத் தாண்டியவர்களில் 100க்குச் சுமார் 4 பேருக்கே இது இருந்தது.

அதைவிட முக்கியமானது, மறதியெல்லாம் அல்சைமர் அல்ல. தைரொயிட் குறைவு, பி12 விட்டமின் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் இரத்தம் கட்டுதல், சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் இதே போன்ற மறதியைத் தரும். இவற்றைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். காது கேளாதவரும் மறதிக்காரர் போலவே தெரிவார். கணவரை இழந்து ஒடுங்கிப்போன தாய்க்குத் தேவை லேகியமா, கவனிப்பா? காலம் கடத்தினால் சரிசெய்யக் கூடியதும் கைமீறிவிடும். எட்டு மாதக் கஞ்சியின் உண்மையான விலை அதுதான்.

ஆகவே முதலில் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையோ, நுவரெலியா வைத்தியசாலையோ, எது கிட்டவோ அது. என்னென்ன மாறியிருக்கிறது, எப்போதிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எடுக்கும் எல்லா மருந்துகளையும், லேகியப் போத்தல் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கொழும்பு மருதானையில் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் என்ற அமைப்பும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு வழி காட்டி வருகிறது.

வருமுன் காப்பதற்கும் வழி உண்டு. லான்செட் என்ற வைத்திய சஞ்சிகையின் நிபுணர் குழு 2024இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இளமையில் படிப்புக் குறைவு, காது கேளாமை, உயர் இரத்த அழுத்தம், சீனி வியாதி, புகைத்தல், கெட்ட கொழுப்பு, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவை அவற்றில் சில. இவற்றையெல்லாம் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றார்கள். எந்த மூலிகையும் இதுவரை இவ்வளவு செய்ததில்லை. மகளைப் படிக்க வைப்பதும், உம்மாவின் பிரஷரைப் பார்ப்பதும் ஞாபகசக்திக்கான மருந்துதான்!

குணமாகாதபோது

எல்லோருக்கும் அந்த மாமியைப் போல் அமையாது. வல்லாரை கொண்டு வந்து கொடுத்த தோட்டத்து அம்மா, மாமி தேறியதைப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, எங்க அம்மாவையும் ஒருக்கா காட்டலாமா?” என்று கேட்டார். பல வருடம் கொழுந்து பறித்த அந்த மூதாட்டிக்கு நாள், கிழமை, பெற்ற மகளின் பெயர் எல்லாம் மறந்திருந்தன. இரு பெண்களும் சேர்ந்து கூட்டிப் போனார்கள். சோதித்துப் பார்த்தார்கள். அது மறதி நோயேதான்.

ஆனாலும் போனது வீணாகவில்லை. கட்டுக்கடங்காமல் இருந்த இரத்த அழுத்தத்துக்கு மருந்து கிடைத்தது. இரவில் எழுந்து வெளியே நடக்கும் வழக்கத்துக்காக லயத்துக் கதவில் மேலே ஒரு கொண்டி போட்டார்கள். ராத்திரியில் யாராவது ஒருவர் எப்போதும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள். அடுப்புப் பக்கம் தனியாக விடவில்லை. சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய சீட்டு வைத்தார்கள். “அம்மா வேணுமென்று செய்யவில்லை என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல்” என்றாராம் அந்த மகள்.

இப்படிப்பட்டவரோடு வாதாட வேண்டாம். “இப்பத்தானே சொன்னேன்” என்று அதட்டினால் அவருக்கு விளங்காது, வலி மட்டும் தங்கும். ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் தூக்கம் என்று பழக்குங்கள். தொழுகையில் ரக்அத் மறப்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று சேர்ந்து தொழுங்கள். புத்தி தெளிவில்லாதவர்மேல் மார்க்கம் சுமை ஏற்றுவதில்லை. ஐயமிருந்தால் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். முக்கியமாக, முழுச் சுமையையும் ஒரு மருமகளின் தலையில் ஏற்றாதீர்கள். மகன்மாரும் மகள்மாரும் முறை வைத்துப் பார்க்கட்டும்.

விடைபெற்றுக் கிளம்பும்போது மாமியே வாசலுக்கு வந்தார். தைரொயிட் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்தே தேநீர். மருமகள் ஒருநாள் மறந்துபோய்த் தேநீரை முந்திக் கொண்டு வந்துவிட்டாராம். “குளிசை இன்னும் குடிக்கல்லயே மகள்” என்று மாமிதான் ஞாபகப்படுத்தினாராம். அதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். குசினியில் வல்லாரை அரியும் வாசம் வந்துகொண்டிருந்தது.